சென்றாயனுக்கு வைத்த தீ

ரோட்டோரம் ஆளில்லாமல் ஒரு சட்டி நிறையக் கங்கு கிடந்தால், மார்கழி விடியலில் விறைத்துப்போய் வருகிறவன் என்ன செய்வான்? கும்பிட்டுவிட்டுப் போவானா? கையைக் காட்டிக் குளிர் காயத்தான் செய்வான். நானும் காய்ந்தேன். அதற்கு இத்தனை வழக்கு உண்டென்று யாராவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

ஜெர்மன்காரன் இரண்டாம் முறை சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் அது. எனக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம். அங்கே ஒரு நெல் மில்லில் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ராசிபுரத்தில் ஒரு டாக்டர் தன் மோட்டார் சைக்கிளை ஓட்ட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஐப்பசியில் பெண்சாதி உண்ணாமலையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அவள் நிறைமாதம். எங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை பத்து நாள்கூடத் தங்காமல் போய்விட்டது. இது டாக்டர் இருக்கிற ஊரிலேயே பிறக்கட்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. கார்த்திகையில் பெண் பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். 'தங்கமுத்து, உன் மூக்கு அப்படியே இருக்குது' என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டரின் வண்டி சீமை வண்டி. அதன் இடது பக்கத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படி தகரத்தொட்டி ஒன்று மாட்டியிருக்கும். ஊர் அதைத் தொட்டி வண்டி என்றது. டாக்டர் தொட்டியில் உட்காருவார். எனக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார ஸ்பிரிங் வைத்த சீட்டும் உண்டு. கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பி, நாமக்கல் ரோட்டிலிருந்து பிரிந்து கொல்லிமலைப் பக்கம் போகிற கிராமங்களைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து ஆஸ்பத்திரியைத் திறப்பார்.

சேலம் நாமக்கல் பக்கம் என்ன பெரிய குளிர் என்று கேட்கிறவர்கள், மார்கழியில் ஒரே ஒரு விடியற்காலை அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடந்து போகிறவன் கையைக் கக்கத்தில் சொருகிக்கொள்வான். மாட்டுவண்டிக்காரன் கம்பளிக்குள் சுருண்டுகொள்வான். வழி மாட்டுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள்காரன் மட்டும் இரண்டு கையையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் விரல் நுனி வலிக்கும். பிறகு வலியும் போய்விடும். அதுதான் ஆபத்து. பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா விட்டிருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டிக்குள் டாக்டர் கம்பளிக் குல்லாய், சால்வை, அதற்கு மேல் ஒரு முரட்டுக் கம்பளி, கையில் பின்னல் உறை என்று சொகுசாகக் கிடப்பார். நாடி பார்க்கிற கை சூடாக இருக்க வேண்டுமாம். வண்டி ஓட்டுகிற கை எக்கேடு கெட்டால் யாருக்கு என்ன?

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாக்குத் துணியைச் சுற்றினால் கிளட்சு அசையவில்லை. மணலை வறுத்துத் துணிப்பையில் கட்டி ஹேண்டிலில் மாட்டினேன். பை கிழிந்து டாக்டரின் கண்ணெல்லாம் மணல். கடலையை வறுத்துக் கட்டினேன். அது நல்ல யோசனைதான். ஆனால் பாதி வழியில் டாக்டர் கையை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். நோயாளி வீடு போய்ச் சேருவதற்குள் வெறும் பைதான் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை இஞ்சின் பக்கம் தாழ்த்திக் காட்டினேன். உள்ளங்கை பொசுங்கியது. புறங்கை விறைத்தே இருந்தது.

அப்படி ஒரு நாள் டாக்டரை மலையடிவாரத்தில் ஒரு பிரசவ வீட்டில் இறக்கிவிட்டேன். கொண்டுபோன பெட்டியில் ஏதோ ஒரு ஆயுதம் குறைகிறது, ஓடிப்போய் எடுத்து வா என்றார். தனியாகத் திரும்பினேன். பனி நல்ல அடர்த்தி. பத்தடிக்கு அப்பால் பனைமரம் கூடத் தெரியவில்லை. ஏரிக்கரையில் ரோடு வளைகிற இடம் வந்தபோது என் கை என்னுடையதாக இல்லை. எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவன் அந்த வளைவில்தான் விழுந்து செத்தான் என்று வேலைக்குச் சேரும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்து ஓட்டு என்று எச்சரிக்கத்தான் சொன்னார். காலைத் தரையில் தேய்த்து, எப்படியோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சட்டியைப் பார்த்தேன். புளியமரத்தடியில் ஒரு கல். கல்மேல் மண்சட்டி. வரட்டிக் கங்குமேல் சாம்பலை மூடி, பக்குவமாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாலைந்து பீடி. எவனோ வண்டிக்காரன் குளிர் காய்ந்துவிட்டுப் போயிருக்கிறான், மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சாம்பலை ஊதிவிட்டுக் கை இரண்டையும் காட்டினேன். விரல் மடங்குகிறவரை காட்டினேன். ஒரு பீடியை எடுத்து அதிலேயே பற்றவைத்துக்கொண்டேன். கிளம்பும்போது கங்கு முக்கால்வாசி அவிந்துவிட்டது. வழியில் கிடக்கிற நெருப்புதானே என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு வண்டியில் என் கை குளிரவே இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹேண்டிலைப் பிடித்ததும், புறங்கைமேல் யாரோ உள்ளங்கையை வைத்துப் பொத்தியது போல ஒரு சூடு வரும். எவ்வளவு பனியில் போனாலும் அது போகாது. கை தேறிவிட்டது என்று நினைத்தேன். ஒரு விடியலில் பனிக்குள்ளிருந்து ஒரு கட்டைவண்டி திடீரென்று குறுக்கே வந்தது. அதை என் கண் பார்ப்பதற்கு முன்பே என் விரல்கள் பிரேக்கைப் பிடித்துவிட்டன. தொட்டிக்குள்ளிருந்து டாக்டர், "பேஷ், நல்லாப் புடிச்சே" என்றார். நான் பிடிக்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த முறை தனியாகப் போனபோது வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். ஓரமாக நிறுத்தி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை அழுத்தியபடியே கையை மெல்ல எடுத்தேன். லீவர் அழுந்தினபடியே இருந்தது. என் கை என் மடிமேல் இருந்தது. லீவர் அங்கே அழுந்திக்கொண்டிருந்தது. பீடி வாசம் அடித்தது. நான் சட்டென்று கையைத் திரும்ப வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஓடுவதென்றாலும் அந்த வண்டியில்தானே ஓட வேண்டும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் அந்தச் சூடு போய்விடும். போய், அதற்கு நேர்மாறாக ஆகிவிடும். உச்சி வெயிலிலும் என் கை கிணற்றுக்குள் கிடந்த கல்லாக இருக்கும். சோற்றில் வைத்தால் சோறு ஆறும். உண்ணாமலை வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். கை சுடாது, வெந்நீர்தான் பச்சைத்தண்ணீராகும். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, ரத்த ஓட்டம் சரியில்லை என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். கசந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

என் பிள்ளையை என்னால் தொட முடியவில்லை. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் எப்படியாவது போகட்டும். என் விரல் பட்டால் போதும், தூங்குகிற குழந்தை தூக்கிவாரிப் போட்டு வீறிடும். தொட்ட இடமெல்லாம் புல்லரித்துக் கிடக்கும். கையில் துணி சுற்றித் தூக்கினேன். துணியையும் தாண்டிக் குளிர் போனது. ஒரு நாள் உண்ணாமலை அசந்து தூங்கிய நேரத்தில், ஆசை தாங்காமல் எடுத்து மார்பில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இரைத்தது. முதல் பிள்ளையும் அப்படித்தான் இரைத்துக்கொண்டு போனது.

"இந்தக் கையோட எம்புள்ளையத் தொடாத" என்றாள் உண்ணாமலை.

"எனக்கும் புள்ளதான்" என்று கத்தினேன்.

"புள்ளைதான். இருக்கணும்ல?"

வெளியே போய் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனால் அதுவும் ஜில்லென்று இருந்தது. குழந்தைக்கு டாக்டர் மருந்தில் இரைப்பு அடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் நுழைந்தால் உண்ணாமலை பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொள்வாள். தெரிந்து செய்யவில்லை; தன்னாலேயே செய்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு காப்பிக் கடை உண்டு. அங்கே ஒரு நாள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் காப்பி ஆறிவிட, கடைக்காரனைப் பிடித்துத் திட்டினேன். பக்கத்தில் பெரியசாமி என்ற வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். தன் டம்ளரிலிருந்து ஆவி போவதையும் என் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஏரிக்கரை வளைவுல தீச்சட்டி இருக்குமே, அதுல ஏதும் கை காஞ்சீங்களா?"

"காஞ்சேன். உங்க சட்டியா?"

"நம்ம சட்டியில்லீங்க. அது சென்றாயனுக்கு வெச்ச தீயி." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ரோட்டுல போற வண்டிக்காரன் ஒருத்தனும் அதுங்கிட்ட நிக்க மாட்டான். உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. வெளியூர்க்காரனுக்கு யார் சொல்கிறார்கள்? அப்புறம் சொன்னார். எனக்கு முன்னால் வண்டி ஓட்டிய சென்றாயன் போன மார்கழியில் விழுந்தபோது, அவன் மேல் பெரிய காயம் இல்லையாம். கை விறைத்து, பிரேக் பிடிக்க முடியாமல், கரையிலிருந்து மதகுக் கல்லில் போய் மோதியிருக்கிறான். கண்டெடுத்தபோது இரண்டு கையும் ஹேண்டிலைப் பிடித்தபடியே இருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி அகாலமாகப் போனவர்களைக் கருமாதி முடிந்ததும் உடுக்கை அடித்துக் கூப்பிட்டு, என்ன குறை என்று கேட்பது வழக்கம். பூசாரி அடித்தார். சென்றாயன் தன் அண்ணன் மேல் வந்து இறங்கினான். சோறு கேட்கவில்லை, கள் கேட்கவில்லை. 'கை வெறைக்குது, தீ வை' என்று மட்டும் சொல்லிவிட்டு மலையேறிவிட்டான். அன்றிலிருந்து பனி பெய்கிற மாதமெல்லாம், விடியலில் அவன் பெண்சாதி மயிலம்மாள் அந்தக் கல்மேல் தீ வைக்கிறாள்.

"அவன் பங்கு தீயை நீங்க வாங்கிட்டீங்க. அவன் எங்க போவான்? தீ இருக்கற பக்கந்தான வருவான்" என்றார் பெரியசாமி. காப்பிக்கு அவரே காசு கொடுத்துவிட்டு, என்னோடு பேச்சை வளர்க்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். உண்ணாமலை குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு, அந்த அம்மாளைப் பாக்கலாம்" என்றாள். போய் என்ன பேசுவது என்று நான் இழுத்தேன். "உன் வீம்பையெல்லாம் இங்கயே வச்சுட்டு வா" என்றாள்.

மயிலம்மாள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலைக் காட்டை ஒட்டி. வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்காது. பிள்ளை குட்டி இல்லை. வண்டிச் சத்தம் நெருங்கியதும் எழுந்து நின்றாள். என்னைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

"டாக்டர் வண்டி ஓட்டுறவங்க அக்கா" என்றாள் உண்ணாமலை.

"தெரியுதுங்க. சத்தம் தெரியாதா எனக்கு." என்னைப் பார்த்தாள். "அந்தத் தீயில கை காஞ்சது நீங்கதானா?"

"தெரியாம செஞ்சுட்டேன். பீடி ஒண்ணும் எடுத்தேன். ரோட்டுமேல வச்சிருந்தா..."

"பீடி போனாப் போவுது." அவள் குரல் ஏறியது. "அன்னிலிருந்து அவிய வாரதில்லீங்களே. நான் தெனமும் வெச்சுட்டுத்தான் இருக்கறேன். வெயில் வந்தப்பறம் போயிப் பார்த்தா, சாம்பல் போட்டது போட்டபடி கெடக்குது. முந்தியெல்லாம் ரெண்டு பக்கமும் அமுங்கியிருக்கும், கை வெச்சாப்புல. அதைப் பார்த்துட்டு வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

காற்று அமுக்கியிருக்கும் என்று வாய் வரை வந்தது. உண்ணாமலை பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். கையை நீட்டிக் காட்டினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பதில்.

மயிலம்மாள் தொடவில்லை. கங்குமேல் காட்டுகிற மாதிரி, என் கைக்கு மேலாகத் தன் உள்ளங்கைகளை விரித்துப் பிடித்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவியளத் தூக்கியாந்து இங்கதான் போட்டாங்க. நான் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். இதே குளுருங்க. வேற ஒண்ணுமில்ல, இதேதான்."

குழந்தை ஏதோ முனகிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வண்டியில வெச்சா எப்படி இருக்குது?"

"சூடா இருக்கு. மேல ஒரு கை வச்ச மாதிரி."

"சூடாவா?" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்காத ஒன்று என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. "ஒருக்கா அந்தத் தொட்டியில ஒக்கார வெச்சு நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. டாக்டரு வண்டியில நான் எப்படீங்க ஏறுறதுன்னேன். ஏறியிருக்கலாம்." என்னைப் பார்க்காமல் உண்ணாமலையைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மிணி, என்னைய ஒரே ஒருக்கா அந்த வண்டியில கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"

புருஷன் செத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இவள் இன்னொருவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நான் ஊர் விட்டு ஊர் போய்விடலாம். அவள் இங்கேயே கிடக்க வேண்டியவள். இதைச் சொன்னேன்.

உண்ணாமலை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "நான் தொட்டியில வரேன். பொண்டாட்டி கூட உக்காந்திருக்கறப்ப எவன் வந்து என்ன பேசுறான்னு பாக்கறேன்."

டாக்டர் சேலத்துக்குப் பஸ்ஸில் போன ஒரு நாள் பார்த்து, விடியலில் வண்டியை எடுத்தேன். பால் குடிக்கிற பிள்ளையை யாரிடம் விடுவது? டாக்டரின் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமலை தொட்டியில் உட்கார்ந்தாள். மயிலம்மாளை அவள் வீட்டுக்கருகே ஏற்றிக்கொண்டோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மலை இருந்த திசையே தெரியவில்லை. கையை ஹேண்டிலில் வைத்தேன். அந்தச் சூடு வந்து மூடியது.

ஏரிக்கரை ஏறியதும் மயிலம்மாள் பின்னாலிருந்து இரு பக்கமும் கையை நீட்டினாள். முதலில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வைத்துப் பார்த்தாள். "தெரியலீங்களே" என்றாள். பிறகு துணியை உதறிவிட்டு, வெறுங்கையை என் கைமேல் வைத்தாள். அவள் கை நடுங்கியது. இடையில் எனக்குத் தெரிந்த அந்த மூன்றாவது கை நடுங்கவில்லை.

"தம்பி, நீங்க கைய எடுத்துருங்க" என்றாள்.

"என்ன சொல்றீங்க? வளைவு வருது."

"எடுங்க சாமி. நீங்க இருக்கறவரைக்கும் நடுவுல இருக்கறீங்க."

எனக்கு முன்னால் பனி. இடது பக்கம் தொட்டியில் என் பெண்சாதி, என் பிள்ளை. கரைக்குக் கீழே மதகுக் கல். மயிலம்மாள் சைக்கிள் கூடத் தொட்டதில்லை. இந்த ஒரு பிள்ளைக்காகத்தான் இந்தக் கையை ஒழிக்க வந்தேன். அதையே கொண்டுபோய்க் கல்லில் மோதவா? வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உண்ணாமலையைப் பார்த்தேன். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"எடு" என்றாள்.

எடுத்தேன். இரண்டு கையையும் உருவி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குனிந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், அது மூடவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். ஹேண்டில்மேல் மயிலம்மாளின் கைகள் சும்மா கிடந்தன. அவள் எதையும் அழுத்தவில்லை, திருப்பவில்லை. அவள் விரல்களுக்கு அடியில் லீவர்கள் தாமாக இறங்கி ஏறின. வேகம் குறைந்தது. வண்டி கரையின் உட்பக்கமாகவே ஒட்டி, நான் இத்தனை நாளில் ஒரு முறை கூட அவ்வளவு பதமாக எடுத்திராத அந்த வளைவை எடுத்தது. மதகுக் கல் தொட்டியை ஒட்டி, பின்னால் போய்விட்டது. புளியமரத்தடியில் வந்து வண்டி நின்றது.

மயிலம்மாள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம், "போதும், வாங்க ஊட்டுக்கு" என்பது மட்டும்தான்.

இஞ்சின் அணைந்தது. ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் இரும்பு. பனியில் நனைந்த இரும்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் விரல் நுனி வலிக்க ஆரம்பித்தது. அந்த வலியில் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. தொட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். உண்ணாமலை தடுக்கக் கையை நீட்டினாள், அதற்குள் தொட்டுவிட்டேன். குழந்தை அழவில்லை. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. உண்ணாமலை என் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே அழுதாள்.

மயிலம்மாள் இறங்கி, கல்மேல் அன்றைக்கு வைத்திருந்த சட்டியை எடுத்துக் கங்கைக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். "இனி வெக்க வேண்டியதில்லீங்க" என்றாள். குழந்தைக்குச் சாம்பிராணி போட ஆகுமென்று சட்டியைக் கொடுக்கும்போது அவள் விரல் உண்ணாமலை கையில் பட்டது. உண்ணாமலை சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க கை..."

"இருக்கட்டும் அம்மிணி. அது எங்கூட்டுதுதான." முகத்தில் ஒரு கவலையும் இல்லை. கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கடலைக் காட்டு வழியாக நடந்து போனாள். பனிக்குள் போகிறவரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து பழைய குளிர்தான். சாக்குத் துணி, கடலைப் பை, டாக்டரின் தின்கிற கை எல்லாம் பழையபடி. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏரிக்கரை வளைவு வரும்போதெல்லாம் என் புறங்கை எதையோ எதிர்பார்க்கும். ஒன்றும் வராது. எனக்கு எதற்கு அது என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் எதிர்பார்க்கும்.

சித்திரையில், ராசிபுரம் சந்தையில் மயிலம்மாளைப் பார்த்தேன். அனல் வெயில். நெய்க்காரர்கள் டின்னுக்கு ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அவள் கை இரண்டும் முந்தானைக்குள் இருந்தன. நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் தேறிக்கூட இருந்தாள். அங்கம்மாள் என் தோளில் இருந்தாள். எங்கள் பெண்ணுக்கு அந்தப் பெயர்தான் வைத்திருந்தோம். யாரிடமும் சுலபத்தில் போகாத குழந்தை, மயிலம்மாளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது.

மயிலம்மாளின் தோள் அசைந்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"வேண்டாஞ்சாமி, உனக்குக் குளுரும்" என்றாள்.

குழந்தை விடவில்லை. அவள் குனிந்து முகத்தைக் கொடுத்தாள். அங்கம்மாள் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள், காதைப் பிடித்து இழுத்தாள், மயிரைப் பிடித்து இழுத்தாள். மயிலம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் முகத்தைக் கொடுத்தபடியே நின்றாள். கையை மட்டும் முந்தானையை விட்டு வெளியே எடுக்கவில்லை.